செயலிணைப்பா, செயலியைபா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளையை அகச்சிவப்பொளியால் ஆராயும் கட்டுரைகளில் 'ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி' என்று அடிக்கடி வருகிறது. 'செயல்பாட்டு இணைப்புத்திறன்' என்று எழுதினால் போதுமா?

---

> செயல்பாட்டு இணைப்புத்திறன்

வேண்டாம் ஐயா. அங்கே திறனும் இல்லை, இணைப்பும் இல்லை. எதை அளக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். தலையில் மாட்டும் தொப்பியில் ஓர் ஒளியுமிழி, சுமார் 3 செ.மீ. தள்ளி ஓர் உணரி. இந்த இணைக்குத் 'தடம்' என்று பெயர் வைக்கலாம். ஒளி உள்ளே போய் வாழைப்பழம்போல் வளைந்து திரும்புவதால், மூளையின் வெளியடுக்கான புறணியின் மேற்பகுதியைத் தாண்டி ஆழம் எட்டாது. பெரும்பாலும் 760, 850 நானோமீட்டர் என இரண்டு அலைநீளம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் உட்கவர்வதால் இரண்டையும் பிரித்தறியலாம்.

குழந்தை சத்தமில்லாத கார்ட்டூனைப் பார்த்தபடி சில நிமிடம் உட்கார்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு தடத்திலும் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையுள்ள மெதுவான ஏற்ற இறக்கத்தை மட்டும் வடித்தெடுத்து, இரண்டிரண்டு தடங்களாக ஒட்டுறவுக் கெழு கணக்கிடுவார்கள். இடப் பொட்டுமடலும் வலப் பொட்டுமடலும் (காதையொட்டிய மூளைப்பகுதிகள்) சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் கெழு 1-ஐ நெருங்கும். அவ்வளவுதான். நரம்பிழை எதையும் யாரும் பார்க்கவில்லை. ஆட்டிசக் குழந்தைகளிடம் இந்த இட-வல ஒற்றுமை குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை 'இணைப்புக் குறைவு' என்று எழுதினால், படிக்கும் தாய்க்கு ஏதோ ஒயர் அறுந்துபோனதாகத்தான் தோன்றும்.

என் பரிந்துரை 'செயலியைபு'. இயைபுத் தொடையில் அடிகள் தனித்தனியாக நிற்கும், கடைசி ஓசை மட்டும் ஒத்துப்போகும். இங்கேயும் அதே கதைதான்.

---

பாடநூலில் 'வேதி இயைபு' என்றால் சேர்மத்தில் எது எவ்வளவு என்பது. குழம்பாதா? 'ஒத்திசைவு' எளிது, எல்லோருக்கும் புரியும்.

---

> ஒத்திசைவு எளிது

எளிதுதான், ஆனால் அது 'கோஹியரன்ஸ்' என்பதற்குத் தேவைப்படும். அதிர்வெண் வாரியாக ஒப்பிடும் வேறோர் அளவு அது. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும். வேதியியல்காரர்களோடு நமக்குச் சண்டை வராது, 'செயல்' என்ற முன்னொட்டு காப்பாற்றிவிடும்.

கலைச்சொல்லுக்கு என் சோதனை, அது குட்டி போடுமா என்பது. குறையியைபு, மிகையியைபு எளிதாக வருகின்றன. அதைவிட முக்கியம் 'பொய்யியைபு'. நெற்றித்தோலிலும் ரத்தம் ஓடுகிறது. 0.1 ஹெர்ட்ஸை ஒட்டிய ரத்த அழுத்த அலை எல்லாத் தடங்களிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். வடிகட்டியின் விளிம்பிலேயே இருப்பதால் முழுதும் போகாது. மூளையில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் கெழு உயர்ந்து நிற்கும். அதனால்தான் சுமார் 8 மி.மீ. இடைவெளியில் ஒரு குறுந்தடம் வைத்து, தோலிலிருந்து மட்டும் வரும் அலையைப் பதிந்து கழிக்கிறார்கள்.

அசைவு இன்னும் மோசம். குழந்தை தலையைத் திருப்பியதும் தொப்பி நழுவும். முடிக்கு நடுவே இருந்த முனை இடம்மாறும். பதிவில் செங்குத்தாக ஒரு படி விழும். தொப்பி முழுதும் நகர்ந்தால் எல்லாத் தடமும் சேர்ந்து குதித்து இயைபு ஏறும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் இட-வல இயைபு இறங்கும். ஒரு குழுவின் குழந்தைகள் மற்றதைவிட அதிகம் அசைந்திருந்தால், கிடைத்த வேறுபாடு மூளையுடையதா தொப்பியுடையதா என்றே சொல்ல முடியாது. இதைப் 'பொய்யிணைப்பு' என்று எழுதிப் பாருங்கள், மின்வாரியத்தில் புகார் கொடுப்பதுபோல் இருக்கிறது.

---

சரி, செயலியைபு ஏற்கிறேன். பரவல்வழி எம்ஆர்ஐ காட்டும் நரம்பிழைப் பாதைகளுக்குக் 'கட்டமைப்பு இணைப்பு' இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே இழை உண்டு. 'எஃபெக்டிவ் கனெக்டிவிட்டி'க்கு?

---

1994-இல் மூளைப்பட ஆய்வாளர் கார்ல் ஃபிரிஸ்டன் செயலியைபையும் இதையும் பிரித்தபோது, ஒரு பகுதி மற்றொன்றின்மீது செலுத்தும் தாக்கம் என்றே அதை வரையறுத்தார். திசை உண்டு, ஆகவே இயைபு பொருந்தாது. 'செலுத்துறவு' என்று வைத்திருக்கிறேன். வாயில் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.