ரீட்மியைப் படித்து வரும் புதியவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், எதை மாற்றலாம்?

பல்லடம் தறி:
வணக்கமுங்க. விசைத்தறிக் கூலியைக் கணக்குப் போடும் திறமூல நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறோம். நிறுவும் வழியை ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் எழுதியிருக்கிறோம். எத்தனை மீட்டர் நெய்தார், கூலி எவ்வளவு நிலுவை என்று தறிக்காரரே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள், நிறுவ ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் சத்தமே இல்லை. விசாரித்தால் இரண்டு இடத்தைச் சொல்கிறார்கள். வென்வ் சூழலை (இந்த நிரலுக்கென்று ஒதுக்கும் தனிப் பைத்தான் இடம்) இயக்கும் கட்டளை விண்டோஸில் பிழை காட்டுகிறதாம். அதைத் தாண்டி வந்தாலும், செய்த மாற்றத்தை கிட்ஹப்புக்கு அனுப்ப, அதாவது புஷ் செய்யும்போது, 403 என்ற அனுமதி மறுப்புப் பிழை வருகிறதாம். நல்ல பிள்ளைகளுங்க, விட மனசில்லை.

ஈரோட்டு நிரலர்:
ரீட்மியைப் பார்த்தேன் அண்ணா. கட்டளைகள் எல்லாம் லினக்ஸுக்கு எழுதியவை. சூழலை இயக்கும் கோப்பு லினக்ஸில் 'பின்' கோப்புறையில் இருக்கும், விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில். பாதையைச் சரியாகக் கொடுத்தாலும், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல் இயல்பாகவே ஸ்கிரிப்டுகளை ஓட விடாது. அதன் இன்னொரு கட்டளைச் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் அந்தத் தடை இல்லை. அதனால் விண்டோஸுக்குத் தனிப் பகுதி எழுதி, கமாண்ட் பிராம்ப்டையே திறக்கச் சொல்லுங்கள்.

கட்டளைக்குக் கீழே, சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் போடுங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் வரும் என்று ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால் நடந்ததா இல்லையா என்றே புதியவருக்குத் தெரியாது.

கோவை சோதனையாளர்:
அந்த 403, ஃபோர்க் செய்யாமல் (தங்கள் கிட்ஹப் கணக்கில் ஒரு நகல் எடுக்காமல்) உங்கள் நிரல் களஞ்சியத்தை நேராகக் குளோன் செய்ததால் (கணினிக்கு இறக்கியதால்) வருவது. அதில் எழுத அவர்களுக்கு அனுமதி கிடையாது. ரீட்மியில் ஃபோர்க் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அதை முதல் படியாக வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிள்ளையிடம், இறக்கியதை அழித்துவிட்டு முதலிலிருந்து வரச் சொல்ல வேண்டாம். இப்போது ஃபோர்க் செய்து, 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல்' கட்டளையால் புஷ் போய்ச் சேரும் ஆரிஜின் முகவரியைத் தங்கள் ஃபோர்க்குக்கு மாற்றினால் போதும், செய்த கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) அப்படியே இருக்கும். வரும் பிழைச் செய்தியையே தலைப்பாக்கி இந்த வழியை எழுதுங்கள், தேடுகிறவர் கையில் நேராகக் கிடைக்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. புதியவருக்கு ஏற்ற வேலை என்று காட்ட 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்த ஒன்றில் "பாவு வாரியாகக் கூலி தப்பாக வருகிறது" என்று மட்டும் இருக்கிறது. நிரல் தெரிந்த பிள்ளைக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லையே. ஒரு தறிக்காரரின் ஒரு வாரக் கணக்கை மாதிரியாகப் போட்டு, எந்தக் கோப்பில் எந்த எண் தப்பு, என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதாத வேலையைப் புதியவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

பல்லடம் தறி:
ரொம்ப நன்றிங்க. விண்டோஸ் பகுதியையும் ஃபோர்க் படியையும் சேர்த்துவிட்டேன். மாதிரிக் கணக்கைத் தறிக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து எழுதப் போகிறேன். ரீட்மியைத் தமிழிலும் தனிக் கோப்பாக வைத்தால் கண்ணில் படுமா?

ஈரோட்டு நிரலர்:
தானாகப் படாது அண்ணா. களஞ்சியத்தின் முகப்பில் கிட்ஹப் ஒரே ஒரு ரீட்மியைத்தான் விரித்துக் காட்டும். அதன் முதல் வரியிலேயே தமிழ்க் கோப்புக்கு இணைப்புக் கொடுங்கள்.