அறுப்பின் பண்டிகைக்கு ஃபாதர் இல்லை

குழு: தோட்டத்துக் கோயில் குடும்பம்
வியாழன்

வார்டன் மாமா, மாலை 6:42
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு சங்கடமான செய்தி. இந்த ஞாயிறு அல்ல, அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை என்று போன மாதமே முடிவு செய்து ஆட்டுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஃபாதர் கூப்பிட்டுச் சொல்கிறார், அன்றைக்கு அவருடைய டவுன் கோயிலுக்குப் பேராயர் திடப்படுத்தல் ஆராதனை, பிள்ளைகளின் விசுவாசத்தை உறுதிப்படுத்துவது, நடத்த வருகிறாராம், 14 பிள்ளைகள் தயாராக இருக்கிறார்களாம், தேதியை மாற்ற வழியே இல்லையாம். அதனால் நமக்கு அன்றைக்கு ஃபாதர் கிடையாது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஆர்கன் அக்கா, 6:44
அலமாக்

ஆர்கன் அக்கா, 6:44
இப்போதா சொல்வது? பாட்டெல்லாம் பழகியாகிவிட்டது

ஜோகூர் தம்பி, 6:51
ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் மாமா, அவ்வளவுதானே. நானும் லீவு மாற்றிக்கொண்டு வருவேன்.

வார்டன் மாமா, 6:55
தள்ளினால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. நமக்குச் சமைப்பது யார், மாரியம்மன் கோயில் தலைவரும் அவர் மச்சானும். அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் அம்மன் கோயில் சாமான். அவர்கள் வீட்டில் முறுக்கு பிழிகிற வாரத்தில் நம் ஆட்டைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?

நான், 6:58
அது மட்டுமா, தீமிதிக்கு நம் பெஞ்சையும் கூடாரத்தையும் கொடுக்கிறோம், பண்டிகைக்கு அவர்கள் அண்டா கொடுக்கிறார்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த லயத்துக் காலத்திலிருந்து நடக்கிற கொடுக்கல் வாங்கல். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லே ரீடர் அண்ணன், 7:10
தள்ளவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நான் காலை ஜெபம் நடத்துகிறேன். சங்கீதம், இரண்டு பாடம், பிரசங்கம், அப்புறம் காணிக்கைக் காய்கறி ஏலம், அப்புறம் அசனம், எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. மாதத்தில் ஃபாதர் வராத மூன்று ஞாயிறும் இப்படித்தானே ஓடுகிறது.

பெரியத்தை, 7:13
குரல் பதிவு (1:22)

ஆர்கன் அக்கா, 7:16
கேட்க முடியாத இடத்தில் இருப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். பெரியத்தை சொல்வது: ஈஸ்டருக்குப் பிறகு நான் இராப்போஜனம், அப்பமும் ரசமும், எடுக்கவே இல்லை, ஃபாதர் வந்த ஞாயிறெல்லாம் ஒன்று நான் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இல்லாவிட்டால் மழை, பேரன் வண்டி எடுக்கவில்லை. வருடத்துக்கு மூன்று முறையாவது எடுக்க வேண்டும், அதில் ஒன்று ஈஸ்டர் என்று ஜெபப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. எனக்கு 84 வயது. அடுத்த அறுப்பைப் பார்ப்பேனா என்று எனக்குத் தெரியாது. அப்பமும் ரசமும் இல்லாமல் பண்டிகை என்றால் அது வெறும் ஆட்டுக்கறிச் சோறு.

ஜோகூர் தம்பி, 7:17
கடைசி வரி 🔥

வார்டன் மாமா, 7:20
அத்தை சொல்வது நியாயம்தான். அண்ணனே கொடுத்துவிட முடியாதா?

லே ரீடர் அண்ணன், 7:31
மாமா, பத்து வருடமாக வார்டனாக இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்கக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும், அதில் நம் ஆங்கிலிக்கன் சபையில் சலுகை கிடையாது. நான் பாவமன்னிப்பைக்கூட அறிவிக்கக் கூடாது, அந்த இடத்தில் ஒரு ஜெபம் சொல்லி நகர்ந்துவிடுகிறேன், யாராவது கவனித்தீர்களா? ஃபாதர் முன்பே ஆசீர்வதித்து வைத்ததை எடுத்துப் போய்க் கொடுக்கப் பேராயர் சிலருக்கு அனுமதி தருகிறார். எனக்கு இருப்பது வாசிக்கவும் பிரசங்கிக்கவும் மட்டும்.

ஜோகூர் தம்பி, 7:34
மலேசியாவின் வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே இங்கே ஜோகூர் வரை ஒரே டயசீஸ், ஒரே திருமண்டலம். ஒரு ஃபாதருக்கு மூன்று கோயில். இப்படி இருந்தால் தோட்டத்துக் கோயிலுக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

லே ரீடர் அண்ணன், 7:48
தம்பி, மிச்சம் என்று சொல்லாதே. இந்தியாவில் தோர்னக்கல் என்று ஒரு டயசீஸ், முழுக்கக் கிராமம், தெலுங்கு பேசும் ஏழைக் குடியானவர்கள். அங்கே 1912இல் பேராயரானவர் நம் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர். அவரிடம் இருந்த குருக்கள் அத்தனை கிராமத்துக்கும் போதவே மாட்டார்கள். தினசரி ஜெபத்தையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தியது ஊரில் குடியிருந்த, குருப்பட்டம் இல்லாத உபதேசியார்கள்தான். அழுக்கு, நோய், கடன், குடி, இந்த நாலு பேயையும் விரட்டாமல் நற்செய்தி இல்லை என்பார். நம் தோட்டத்துக்கே பார்த்துச் சொன்ன மாதிரி இல்லையா? கடனும் கள்ளுக்கடையும் நமக்குத் தெரியாததா. ஆக ஃபாதர் இல்லாத ஞாயிறு அரைகுறை ஞாயிறு என்று நான் நினைக்கவில்லை.

ஆர்கன் அக்கா, 7:50
பிரசங்கம் இப்போதே ஆரம்பித்துவிட்டது

லே ரீடர் அண்ணன், 7:50
😅

கிராணி தாத்தா, 8:26
நான் ஒரு விரலால் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லே ரீடர் சொன்னது சரி, ஆனால் பெரியத்தை சொன்னது அதைவிடச் சரி. இந்த அறுப்பின் பண்டிகையை இப்போது நாம் கொண்டாடுகிற மாதிரி ஆரம்பித்து வைத்தவர் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் மோர்வென்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தில் குருவாக இருந்த ஹாக்கர், 1843இல். அவர் தன் சபையாரை எதற்குக் கூப்பிட்டார்? பூசணிக்காய் ஏலத்துக்கு இல்லை. புதுத் தானியத்தில் சுட்ட அப்பத்தில் நற்கருணை எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டார். காய்கறி அலங்காரம், ஏலம், அசனம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நமக்குக் கோதுமையும் இல்லை, வயலும் இல்லை. நான் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்தில் ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்பனைக்கு அறுப்புக் காலம் ஏது, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுற்று, வருடம் முழுக்கக் குலை வெட்டுகிறார்கள். ரப்பருக்கோ இலையுதிரும் மாதத்தில் பால் குறையும், மழை பெய்தால் வெட்டே இல்லை, பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான். அதனால் என் அப்பா காலத்தில் அறுப்பின் பண்டிகையைச் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறில் வைத்தார்கள். நம் அறுப்பு அதுதான், சம்பளக் கவர். ஜான் சவரிமுத்து 1973இல் மேற்கு மலேசியாவுக்குப் பேராயர் ஆனபோது லயத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் பேச்சு, தமிழன் ஒருவன் அந்தத் தொப்பியை வைத்துவிட்டான் என்று. அந்த வருடப் பண்டிகைக்கு இடம் இல்லாமல் ஜனங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வரைக்கும் நின்றார்கள். இப்போது நாம் ஞாயிறுக்கு எத்தனை பேர்?

நான், 8:30
போன ஞாயிறு 23. அதில் 9 பேர் தோட்ட வேலைக்கு வந்த தீமோர் தீவுப் பிள்ளைகள்.

சின்ன சித்தப்பா, 8:37
சரி, அந்தப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அவர்களுக்காகப் பண்டிகையில் பாதி ஆராதனை மலாயில் இருக்கும் என்று கேள்விப்பட்டேன். தமிழ்க் கோயில்தானே இது? நம் பிள்ளைகளுக்கே பாமாலை வாசிக்கத் தெரியவில்லை, இதில் மலாய் வேறு.

ஆர்கன் அக்கா, 8:39
பாதி என்று யார் சொன்னது. கர்த்தருடைய ஜெபம் ஒரு முறை, ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

ஆர்கன் அக்கா, 8:46
இன்னும் ஒன்று சொல்கிறேன் சித்தப்பா. போன மாத மழையில் கோயில் வழியில் லோங்காங் கால்வாய் நிரம்பி, பாலத்து மேல் முழங்கால் தண்ணீர். பெரியத்தையை நாற்காலியோடு தூக்கி அக்கரையில் விட்டது யார்? அந்த ஒன்பது பேரில் நாலு பேர். அன்றைக்கு நம் பிள்ளைகள் தாமான் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நீங்களும்தான். அந்தப் பையன்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓய்வு கிடைத்தால் அதைக் கொண்டுவந்து நம் கோயிலில் வைக்கிறார்கள். ஊரில் அவர்கள் கோயில் எப்படி இருக்கும் என்று கேட்டுப்பாருங்கள், நாலு குரலில் பாடுவார்கள், நம் கீர்த்தனைக்குக்கூட ராகம் பிடித்துக்கொண்டார்கள். நம் தாத்தா பாட்டி இந்தத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது மலாயும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, யாரோ ஒரு உபதேசியார் தமிழில் ஜெபித்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்து சண்டை போடுகிறோம்.

சின்ன சித்தப்பா, 8:49
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன சித்தப்பா, 8:53
நான் தூங்கவில்லை, டயர் பஞ்சர். சரி விடு. ஒரு பாட்டு என்றால் ஒரு பாட்டு.

ஜோகூர் தம்பி, 8:54
அந்தப் பஞ்சர் மூன்று வருடமாக ஒட்டவே இல்லை

வார்டன் மாமா, 9:02
விளையாட்டு போதும். ஃபாதரை இந்தக் குழுவில் வைத்திருப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஃபாதர், 9:20
மறக்கவில்லை என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் வாசித்தேன். ஞாயிறு காலை என்னால் முடியாது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம் கடற்கரைப் பக்கத்துச் சபையில் ஒரு ஞானஸ்நானம், அதை முடித்துத் திரும்பும் வழியில் மாலை 5:30க்கு நம் கோயிலுக்கு வந்துவிட முடியும். பெரியத்தைக்கு விருப்பம் என்றால் வீட்டுக்கே வந்து கொடுக்கிறேன். ஞாயிறு பண்டிகையை லே ரீடர் நடத்தட்டும்.

பெரியத்தை, 9:24
குரல் பதிவு (0:38)

நான், 9:26
எழுதிவிடுகிறேன்: வீட்டில் கொடுப்பது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு. நான் நடக்கிறேன். கோயிலில் அந்த மரக் கிராதி முன்னால், எல்லோரோடும் வரிசையில் நின்று எடுக்க வேண்டும். அந்தக் கிராதி மரம் என் வீட்டுக்காரர் அறுத்துக் கொடுத்தது. ஃபாதர் தப்பாக நினைக்கக் கூடாது.

ஃபாதர், 9:27
தப்பாக நினைக்கவில்லை அத்தை. அப்படியானால் சனிக்கிழமை மாலை சபையார் எல்லோருக்கும் திருவிருந்து. காய்கறி, தேங்காய், குலை எல்லாவற்றையும் அன்றைக்கே பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், நான் ஜெபித்துவிடுகிறேன். ஞாயிறு காலை ஜெபம், ஏலம், அசனம்.

கிராணி தாத்தா, 9:30
ஹாக்கர் ஐயர் சந்தோஷப்படுவார்

வார்டன் மாமா, 9:34
எல்லாம் சரி, கேட்டை யார் திறப்பது? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு காவல்கார ஜாகா தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிடுகிறான். கோயில் நம்முடையது, நிலம் தோட்டத்துடையது, இத்தனை வருடம் ஓட்டியும் ஒரு தாள் நம் கையில் இல்லை. போன முறை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன், பதில் வர ஐந்து வாரம் ஆனது, அதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது.

நான், 9:37
எழுத வேண்டாம் மாமா. அம்மன் கோயிலுக்கும் அதே கேட்தானே. தலைவர் வெள்ளிக்கிழமை பூசைக்கு எப்படிப் போகிறார்?

வார்டன் மாமா, 9:38
அவரிடம் ஒரு சாவி இருக்கிறதா?

நான், 9:38
அது தெரியாது. ஜாகா அவருடைய சம்பந்தி வீட்டுப் பையன் என்று மட்டும் தெரியும்.

வார்டன் மாமா, 9:40
நாளைக் காலை முதல் வேலை அதுதான்

வெள்ளி

வார்டன் மாமா, காலை 8:15
தலைவரைப் பார்த்தேன், ஒட்டுக்கடையில் தே தாரிக் அவரே வாங்கிக் கொடுத்தார். கேட் எட்டரை வரைக்கும் திறந்திருக்கும். அண்டாவை ஞாயிறு விடியற்காலை அவரே பிக்கப்பில் ஏற்றி வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை, ஆட்டுக்குப் போடுகிற மசாலாவில் நாம் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆர்கன் அக்கா, 8:17
போன வருடம் உப்பு போட்ட புண்ணியவான் யார் என்று எல்லோருக்கும் தெரியும்

சின்ன சித்தப்பா, 8:18
👀

நான், 8:25
சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு கோத்தோங் ரோயோங், எல்லோரும் சேர்ந்து வேலை. புல் வெட்டும் மிஷின் ஒன்று இருக்கிறது, பெட்ரோல் இல்லை. தென்னங்கீற்றுத் தோரணம் தீமோர் பிள்ளைகள் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியத்தையைக் கூட்டி வர யார்?

சின்ன சித்தப்பா, 8:31
நான். டயர் மாற்றிவிட்டேன்.

ஜோகூர் தம்பி, 8:33
எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஏலத்துக்கு யாராவது வீடியோ கால் போடுங்கள், நான் இங்கிருந்தே விலை கேட்கிறேன்.

ஆர்கன் அக்கா, 8:34
கோயிலில் லைன் வராது. பின்னால் கல்லறைப் பக்கம் போய் நின்றால் இரண்டு கோடு வரும்.

ஜோகூர் தம்பி, 8:35
அப்படியானால் கல்லறையிலிருந்து ஏலம் கேட்கிறேன்

பெரியத்தை, 8:52
குரல் பதிவு (0:19)

நான், 8:54
பெரியத்தை: வாசல் பந்தலில் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுவருகிறேன். ஜோகூர்க்காரன் வாங்குவதாக இருந்தால் 50 வெள்ளிக்குக் கீழே விடாதீர்கள், அவனுக்குச் சிங்கப்பூர் சம்பளம்.