ஜாவா பழகியவன் ரஸ்ட் கற்கிறேன்: மரத்தில் பேரன்ட்டை எப்படி வைப்பது?

கேள்வி:
வணக்கம். காலேஜ் முடித்ததிலிருந்து ஜாவாவில்தான் வேலை, பெரும்பாலும் ஸ்பிரிங் பூட். இப்போது ரஸ்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன். மேட்ச், ஆப்ஷன், ரிசல்ட் எல்லாம் சீக்கிரம் கைவந்துவிட்டன. நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் தொல்லை இல்லாதது ரொம்பவே பிடித்திருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கிறேன். கம்பெனியின் துறைகளை ஒரு மரமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு நோடுக்கும், அதாவது ஒவ்வொரு துறைக்கும், கீழே இருக்கும் பிள்ளைகளும் தெரிய வேண்டும், மேலே இருக்கும் பேரன்ட்டும் தெரிய வேண்டும். ஜாவாவில் இரண்டு ஃபீல்டு போட்டால் முடிந்தது. இங்கே ரெஃபரன்ஸ் வைத்தால் லைஃப்டைம், அதாவது அது எவ்வளவு காலம் செல்லும் என்ற குறி, கேட்கிறது. அதைக் கொடுத்தால் இ0499, இ0502 என்று வரிசையாக பாரோ (கடன்) எரர். வேறு மொழியில் பல வருடம் எழுதிவிட்டு ரஸ்ட்டுக்கு வந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 1:
லைஃப்டைம் குறியை மாற்றி மாற்றிப் போட்டு இதைத் தீர்க்க முடியாது, அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்டை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், யாருக்கும் தேவையில்லை என்றானபின் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும். அது யாருக்குச் சொந்தம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ரஸ்ட்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓனர், மற்றவர்கள் கடன் வாங்கலாம். கடன் நிலுவையில் இருக்கும்வரை அந்த மதிப்பை மாற்ற விடாது. உங்கள் மரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பேரன்ட்டை நிரந்தரக் கடனாக வைத்திருக்கிறது. பிறகு எப்படிப் புதுத் துறையைச் சேர்ப்பீர்கள்?

எல்லா நோடுகளையும் ஒரே வெக்கில் (ஜாவாவின் அரேலிஸ்ட் போன்றது) போடுங்கள். பேரன்ட்டும் பிள்ளைகளும் அந்த வெக்கின் இன்டெக்ஸ், அதாவது வெறும் யூசைஸ் எண். ரூட்டுக்குப் பேரன்ட் கிடையாது, எனவே அங்கே ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்). இப்போது ஓனர் வெக் மட்டும்தான். எண்ணை எத்தனை இடத்தில் காப்பி எடுத்தாலும் அது கடனாகாது. டேட்டாபேஸ் டேபிளில் பேரன்ட் ஐடி என்று ஒரு நெடுவரிசை வைத்துப் பழகியவர்தானே நீங்கள், அதே முறைதான்.

பதில் 2:
பிள்ளைக்கு ஆர்சி (பலர் சேர்ந்து ஓனராக இருக்கும் பாயின்டர்), பேரன்ட்டுக்கு வீக் (ஓனராகாமல் சுட்டும் பாயின்டர்), உள்ளே ரெஃப்செல் என்று வைத்தாலும் ஓடும். ஆனால் ரெஃப்செல் கடன் விதியைச் சரிபார்ப்பதை ரன்டைமுக்கு, அதாவது புரோகிராம் ஓடும் நேரத்துக்கு, தள்ளிவிடுகிறது. ஓரிடத்தில் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னோரிடத்தில் படிக்கப் போனால் பேனிக் ஆகி நின்றுவிடும். கம்பைலர் உங்கள் மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டியது புரொடக்‌ஷனில் தெரியவரும். நானும் இன்டெக்ஸ் பக்கம்தான்.

அப்புறம், ரஸ்ட் பழக முதலில் மரம் வேண்டாம். லாக் ஃபைலைப் படித்து எரர்களை எண்ணும் சின்னக் கருவி ஒன்று எழுதுங்கள். ஹேஷ்மேப், ஸ்டிரிங், கேள்விக்குறி ஆபரேட்டர் எல்லாம் அதிலேயே பழகிவிடும். தேவைப்பட்ட இடத்தில் தயங்காமல் க்ளோன் (நகல்) போடுங்கள், பின்னால் அதை நீக்கிக்கொள்ளலாம். ரஸ்ட்டின் 2018 எடிஷனுக்கு (மொழிப் பதிப்பு) முந்தைய கட்டுரைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த எடிஷனிலிருந்து கடைசியாகப் பயன்படுத்திய வரியோடு கடன் முடிந்துவிடுகிறது, பழைய புலம்பல்களில் பாதி இப்போது இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி, வெக் முறை உடனே கம்பைல் ஆகிவிட்டது. ஒரு துறையை நீக்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடுமே?

பதில் 1:
நகரும், அதனால் ரிமூவ் போடாதீர்கள். வெக்கில் ஆப்ஷனாக வைத்து அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அதே இடத்தில் வேறு துறையை வைத்தால்தான் ஆபத்து: பழைய எண் புதுத் துறையைக் காட்டும், இதைக் கம்பைலரால் பிடிக்க முடியாது. அப்படி அடிக்கடி நீக்கிச் சேர்ப்பீர்கள் என்றால் ஸ்லாட்மேப் என்ற கிரேட்டை (ரஸ்ட் லைப்ரரி) எடுங்கள். அதன் சாவியில் இடத்தோடு ஒரு பதிப்பு எண்ணும் இருக்கும், பழைய சாவியை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. துறைகள் எப்போதாவதுதான் மாறும் என்றால் வெக் போதும். ஸ்டிரக்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.