95 டிகிரியிலேயே நிற்கும் 7700எக்ஸ்: கூலரை மாற்றணுமா?

மொட்டைமாடி:
போன மாதம் ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர் போட்டு புது சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். பிளெண்டர் 3டி சாஃப்ட்வேரில் ரெண்டர் (படத்தை உருவாக்கும் வேலை) கொடுத்த அரை நிமிஷத்தில் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது, ஃபேன் போடுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கும் அம்மா எழுந்து வந்து "ராத்திரியில என்னடா மிக்ஸி ஓடுது" என்கிறார். சின்ன ஏர் கூலர்தான். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வைக்கிற பேஸ்ட்டை இரண்டு முறை துடைத்துவிட்டுப் பூசியாயிற்று. 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் வாங்கினால் சரியாகுமா?

சால்டர்வாசம்:
கூலர் அடியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், நானே ஒரு தடவை உரிக்காமல் மாட்டிவிட்டு இரண்டு நாள் மண்டை காய்ந்தேன்.

பழையகேபினெட்:
ஸ்டிக்கரை உரித்திருந்தால் கோளாறு எதுவும் இல்லை. 2022-இல் வந்த இந்த 7000 வரிசையை ஏஎம்டி அப்படித்தான் செய்திருக்கிறது. சூடோ (95 டிகிரி) பவரோ எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ, அதுவரை கிளாக் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். 105 வாட் என்று போட்டிருந்தாலும் 142 வரை இழுக்கும். லிக்விட் மாட்டினால் சிப் கொஞ்சம் குளிரும், ஆனால் அதே 142 வாட் சூடும் உங்கள் அறைக்குள்தான் வரும்.

பயாஸில் (மதர்போர்டு செட்டிங்ஸில்) பவரைக் குறைக்கும் ஈகோ மோடை 65 வாட்டில் வையுங்கள், நிஜமாக இழுக்கும் வரம்பு 142-இலிருந்து 88 வாட்டுக்கு இறங்கிவிடும். கடைசி இருநூறு முந்நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் வோல்டேஜை அப்படி ஏற்றுகிறது, பவரோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். என்னுடைய 7700எக்ஸில் 20 நிமிஷ ரெண்டர் 21 சொச்சம் ஆனது, அவ்வளவுதான்.

ஓவர்கிளாக்அண்ணன்:
காசு கொடுத்து வாங்கிவிட்டு எதற்கு வேகத்தைக் குறைக்கணும்?

பழையகேபினெட்:
உங்களை மாதிரி ஆட்களால்தான் 2024-இல் 65 வாட்டில் வந்த 9700எக்ஸுக்கு, வேகம் போதவில்லை என்று திட்டு வாங்கி, அப்புறம் பயாஸ் அப்டேட்டில் 105 வாட் மோடையும் கொடுத்தார்கள். குறைத்துக் கொடுத்தாலும் திட்டு, கூட்டிக் கொடுத்தாலும் திட்டு!

மொட்டைமாடி:
ஈகோ போட்டுப் பார்த்தேன். 72-ஐத் தாண்டவில்லை, அம்மாவும் எழுந்து வரவில்லை. வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 போடலாமா?

பழையகேபினெட்:
எடுத்தவுடனே 30 வேண்டாம். மைனஸ் 10-இல் தொடங்கி, ஒரு ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடுகிறதா பாருங்கள். பாதியில் ரீஸ்டார்ட் ஆனால் அந்த மைனஸை பூஜ்ஜியத்தை நோக்கிக் குறைத்துக்கொள்ளுங்கள்.