பீன்ஸ் இலையில் புள்ளி: எந்தச் செடியைப் பிடுங்குவது?

அல்சூர் மாடிக்காரி:
பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு பைகளில் பீன்ஸ் போட்டிருக்கிறேன். ஒன்று ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகமான அர்க்கா அனூப். மற்றது சந்தையில் வாங்கிய விதை, ரகம் தெரியாது. ஒரே மண், ஒரே மழை, பூவாளியும் ஒன்றுதான். பத்து நாளாகத் தூறல் விடவில்லை. சந்தைச் செடியின் இலையடியில் செங்கல் தூள் போல ஏதோ படிந்திருக்கிறது, ஆனால் செடி செழிப்பாகத்தான் நிற்கிறது. அனூப்பின் இலையிலோ கடுகில் பாதிகூட இல்லாத கருகல் புள்ளிகள், ஊதுபத்தியால் சுட்டது போல. தேடிப்பிடித்து வாங்கியதற்கா இந்தக் கதி! அதைப் பிடுங்கிவிடட்டுமா? இரண்டையும் பிடுங்கு என்கிறார் என் கணவர். அவருக்குத் துணி காயவைக்க இடம் வேண்டும்.

ஜாலஹள்ளி தாத்தா:
புளித்த மோரைத் தெளியம்மா. எல்லாம் சரியாகிவிடும்.

தர்மபுரிக்காரன்:
அம்மா, அனூப்பின் மேல் கை வைக்காதீர்கள். வெள்ளைத் துணியை நனைத்து இரண்டு செடிகளின் இலையடியையும் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்பழுப்புக் கறை படிந்தால் அது துரு நோய். (இங்கே பயிர் நோயியல் படிக்கிறேன். இரண்டு வருடமாகத் துருவோடுதான் குடித்தனம்.)

பீன்ஸ் துரு ஒரு பூசணம். அதன் வித்து ஈர இலையில் முளைத்து, இழை நீட்டி, இலைத்துளையைத் தேடித் தவழும். கண்ணா இருக்கிறது? துளையின் விளிம்பு மேட்டைத் தடவித்தான் கண்டுபிடிக்கும். பிளாஸ்டிக் பரப்பில் அரை மைக்ரான் உயரத்துக்கு வரப்பு போட்டு 1987இல் சோதித்தார்கள். இதுதான் வாசல் என்று நம்பி அங்கேயும் உட்கார்ந்துவிட்டது! நிஜ இலைக்குள் புகுந்ததும் செல்லில் உறிஞ்சியைச் செருகி, செல்லைக் கொல்லாமல் சாப்பிடும். சந்தைச் செடி செழிப்பாகத் தெரிவது அதனால்தான்.

உயிருள்ள செல் இல்லாவிட்டால் துருவுக்குச் சோறு இல்லை. எதிர்ப்பு உள்ள ரகம் அங்கேதான் கை வைக்கிறது. வந்தவனை அடையாளம் கண்டதும் அந்தச் செல் தானே செத்துப்போகிறது, பக்கத்துச் செல்கள் சிலவும் கூடவே சாகின்றன. பூசணத்தைக் கொல்லும் பேசியொலின் என்ற பொருளும் அந்த இடத்தில் சேர்கிறது. அனூப்பைத் துடைத்த துணி வெளுப்பாகவே இருந்தால், உங்கள் கருகல் புள்ளிகள் அந்தச் செல்களின் சுடுகாடு.

தாத்தா மன்னிக்கவேண்டும். எதைத் தெளித்தாலும் மாலையில் வேண்டாம். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் வித்துக்குக் கொண்டாட்டம்.

ஜாலஹள்ளி தாத்தா:
அப்படியானால் அனூப்புக்கு இனி ஆயுசு கெட்டியா?

தர்மபுரிக்காரன்:
அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. துருவிலும் பல இனங்கள் உண்டு. செடியிலுள்ள ஒரு மரபணு, துருவிலுள்ள அதன் ஜோடி மரபணு இருந்தால்தான் ஆளை அடையாளம் காணும் என்று அமெரிக்காவில் ஃப்ளோர் என்பவர் 1940களில் ஆளிச்செடித் துருவை வைத்துக் காட்டினார். துருவில் அந்த மரபணு மாறிவிட்டால், செடி வாசலில் நிற்பவனைப் பார்த்தும் சும்மா இருந்துவிடும்.

அல்சூர் மாடிக்காரி:
துடைத்தேன். சந்தைச் செடியில் துணி முழுக்கச் செம்பழுப்பு. அனூப்பில் கொஞ்சம் தூசிதான். தூள் பறக்காமல் சந்தைச் செடியைப் பைக்குள் மூடிப் பிடுங்கியாயிற்று. அந்த இடத்தில் இப்போது வேட்டி காய்கிறது.