நிலக்கீழ் வீட்டில் பியர் காய்ச்சுகிறேன், நீராவியை எங்கே அனுப்புவது?

கல்லடித் தம்பி:
வணக்கம். நான் கல்லடியிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன; ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். இன்று முதன்முறையாகப் பியர் காய்ச்சத் தொடங்கினேன். இருபது நிமிடம் கொதிப்பதற்குள் யன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, மேலே இருந்து சொட்டுகிறது, புகை அலாரம் இரண்டு முறை அலறிவிட்டது. மேல்வீட்டில் இருக்கும் உரிமையாளர் ஆறு மணிக்கு வந்துவிடுவார். இன்னும் நாற்பது நிமிடம் கொதிக்க வேண்டும். தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி அக்கா:
தம்பி, நான் வந்த முதல் பனிக்காலத்தில் இரண்டு வேலைக்கும் போய்விட்டு நள்ளிரவில் பிட்டு அவிப்பேன். யன்னல் திறந்தால் சூடு வீணாகும் என்று அடைத்தே வைத்திருந்தேன். மாசி மாதம் அலுமாரியை நகர்த்திப் பார்த்தபோது, வெளிச்சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் என் கூறைச்சேலையின் மடிப்பெல்லாம் கரும்பூஞ்சணம். ஊரில் மாரி மழைக்குக்கூட அப்படிப் பிடித்ததில்லை. அன்று அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. பானையை இறுக மூடுங்கள், யன்னலைத் திறங்கள்.

களுவாஞ்சிக்குடி, இப்போது ஒஸ்லோ:
அக்கா சொன்னதில் இரண்டும் பிழை. மூடியை இறுக மூடினால், மோல்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து, கொதியோடு வெளியேற வேண்டிய கந்தக வாடை மூடியில் பட்டு மறுபடி பானைக்குள்ளேயே சொட்டும். பியரில் அவித்த சோளத்தின் மணம் வரும். பொங்கி வழிந்தால் அடுப்பில் பிடிக்கும் சீனிப்பாகைச் சுரண்டவே ஒரு நாள் போகும். யன்னலைத் திறந்தால் குளிர்காற்று வந்து ஈரத்தை இன்னும் கூட்டும்.

வாழைச்சேனை மச்சான்:
எங்கள் ஊர்க் குசினியில் ஓட்டு இடுக்கால் ஆவி தானே போய்விடும். இங்கே கோழிக்கூட்டுக் கதவளவு யன்னலை வைத்துவிட்டு, அதற்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்கள். உரிமையாளர் முற்றத்தில் இறைச்சி வாட்டினால் அது வாசனை, நாம் கருவாடு பொரித்தால் உடனே குறுஞ்செய்தி வரும். தம்பி, அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள், கசிப்புச் சாராயம் வடிக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சக் கனடாவில் தடையில்லை, வடிப்பதற்குத்தான் தடை. கள்ளு என்றால் அடுப்பே வேண்டாம். ஆனால் தென்னைக்கு எங்கே போவது?

சம்மாந்துறை நானா:
பியர் எனக்கு ஆகாது, தம்பி. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நகரத்தில் வீடுகளுக்குக் காற்றுக்குழாய் பொருத்துகிறேன். கிடாரத்தில் கொதிப்பது மோல்ட்டா, கந்தூரிச் சோறா என்று நீராவி பார்ப்பதில்லை. உங்கள் அடுப்பு மின்சாரமா, காஸா? அடுப்புக்கு மேலுள்ள விசிறியின் காற்று வீட்டுக்கு வெளியே போகிறதா? வெந்நீர்த் தாங்கி உங்கள் பகுதியிலா இருக்கிறது? முற்றத்தில் வைக்கும் காஸ் அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அலாரத்தின் பற்றரியையும் கழற்ற வேண்டாம்.

யன்னல் விடயத்தில் அக்கா சொன்னதே சரி. 20 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். உங்கள் பகுதி 100 கன மீற்றர் என்று வைத்தாலும் அதற்குள் 1.7 லீற்றருக்கு மேல் இடமில்லை. திறந்த பானையோ ஒரு மணி நேரத்தில் இரண்டு, மூன்று லீற்றரை ஆவியாக்கிவிடும். மிச்சம் கண்ணாடியிலும் சுவரிலும்தான் படியும். வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும் காற்றில் ஐந்து கிராம் ஈரம்கூட இல்லாததால், அது உள்ளே வந்து சூடேறும்போது உங்கள் ஈரத்தை உறிஞ்சும்.

கல்லடித் தம்பி:
அடுப்பு மின்சாரம், நானா. விசிறிக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன், காற்று என் நெற்றிக்கே திரும்பி வருகிறது. வெந்நீர்த் தாங்கி காஸ், அடுத்த அறையில் இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: நான் தானியம் ஊறவைக்கவில்லை, தகரத்தில் வரும் மோல்ட் பாகைத்தான் கரைத்தேன்.

களுவாஞ்சிக்குடி, இப்போது ஒஸ்லோ:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி! தகரப் பாகு தொழிற்சாலையில் ஏற்கெனவே காய்ச்சப்பட்டு வந்தது, சோள மணத்துக்கு இனி அஞ்ச வேண்டியதில்லை. ஹொப்ஸ் பூக்களின் கசப்பு இறங்கினால் போதும். சூட்டைக் குறைத்து மெல்லக் கொதிக்க விட்டு, மூடியை முக்கால்வாசி மூடுங்கள், ஆனால் பக்கத்தை விட்டு அகலாதீர்கள். அடுத்த முறை எட்டு லீற்றரை மட்டும் கொதிக்க வைத்து, புளிக்க வைக்கும் வாளியில் குளிர்நீர் ஊற்றி இருபதாக்குங்கள்.

சம்மாந்துறை நானா:
உங்களுடையது கரி வடிகட்டி வைத்த விசிறி. மணத்தை ஓரளவு பிடிக்கும், ஈரத்தை அப்படியே திருப்பித் தரும். மேசை விசிறியை ஒரு யன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள், எதிர்ப்பக்க யன்னலையும் நன்றாகத் திறவுங்கள். உள்ளே வர வழியில்லாமல் காற்றை வெளியே இழுத்தால், தாங்கியின் புகை புகைக்குழாய் வழியே வீட்டுக்குள் திரும்பக்கூடும். நிரந்தரமாகக் குழாய் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். போடும்போது வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள், இல்லையெனில் குழாய்க்குள் குளிர்ந்த நீர் மறுபடி பானைக்கே வடியும்.

கல்லடித் தம்பி:
கொதி முடிந்தது. விசிறி வைத்துப் பத்து நிமிடத்தில் சொட்டுவது நின்றது. உரிமையாளர் படியில் நின்று பாண் சுடுகிறீர்களா என்று கேட்டார், பியர் என்று சொன்னேன், ஒரு போத்தல் தரச் சொல்லிவிட்டு ஏறிப்போனார். சுவர்களைத் துடைத்துவிட்டேன். அக்கா, அலுமாரியையும் இழுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஈரமாகத்தான் இருந்தது, ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.