ஜப்பான்ல வீடியோ கேம் எங்க சல்லிசு? மாமா நாளைக்கு கடைக்குப் போறாரு, அர்ஜென்ட்

வியாசை வேலு | சனி இரவு 9:12

வணக்கம் பா. அக்கா வீட்டுக்காரர் ஜப்பான்ல கீறாரு. நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. "இன்னா கேம் வேணும்னு சீக்கிரம் சொல்லுடா"ன்னு காலைல இருந்து மெசேஜ் மேல மெசேஜ். அங்க கேம்லாம் நம்மூர் விலையில பாதின்னு சொல்றாங்களே, நெஜமா? எந்தக் கடைக்குப் போவச் சொல்றது? 15,000 யென் வரைக்கும் பரவால்ல. கேசட்டா இருந்தா நல்லது. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, புண்ணியமா போவும்.

பெரம்பூர் லோகோ | 9:19

எந்த மெஷினு? எந்த ஊரு? புதுசா, பழசா? எதுவுமே சொல்லாம "எங்க சல்லிசு"ன்னா, மூலக்கடையில நின்னுகினு "பஸ்ஸு எப்ப வரும்"னு கேக்குற மாதிரி. எந்த பஸ்ஸு தம்பி?

ரெட்ரோராஜா83 | மூத்த உறுப்பினர் | 9:31

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று. பதிவிடும் முன் தேடிப் பார்ப்பது நல்லது. போகட்டும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டோக்கியோவில் அகிஹபாரா என்றொரு பகுதி இருக்கிறது. கேம் வாங்குவதென்றால் அங்கேதான். இரண்டு திருத்தங்கள். ஜப்பானிய கேம்கள் நம் ஊர் மெஷினில் ஓடாது, ரீஜன் லாக் உண்டு. அப்புறம் அது "கேசட்" அல்ல, கார்ட்ரிட்ஜ். கேசட் என்பது பாட்டுக் கேட்க.

தண்டையார்பேட்டை தம்பி | 9:40

ராஜா சார், அகிஹபாரா டூரிஸ்ட் விலை. 2019ல நான் போயிருக்கேன். அங்க பேர்போன ஒரு ரெட்ரோ கடை, மாடிப்படி ஏறும்போதே பழைய மரியோ மியூசிக் கேக்கும், மூச்சு வாங்கிகினே போனா கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கான், வெலையைப் பாத்தா அப்படியே திரும்பி எறங்கலாம். அதே கேம் ரெண்டு நாள் கழிச்சு ஊருக்கு வெளிய புக் ஆஃப்னு ஒரு பழைய பொருள் கடையில பாதிக்கும் கம்மி.

என்னோட அட்வைஸ் ஒண்ணே ஒண்ணுதான்: ஹார்ட் ஆஃப்னு பழைய எலக்ட்ரானிக் சாமான் விக்கற கடை, அதுல ஜங்க் பெட்டி. ஹார்ட் ஆஃப் கடைங்க பெரும்பாலும் ஊருக்கு வெளிய ரோட்டோரம் இருக்கும். உள்ள ஒரு மூலையில பிளாஸ்டிக் டப்பா டப்பாவா கெடக்கும். "ஜங்க்"னு போட்டா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, "நாங்க செக் பண்ணல, திருப்பி வாங்க மாட்டோம்"னு அர்த்தம். நான் 110 யென் போட்ட கேசட் ஏழு அள்ளினேன். வீட்டுக்கு வந்து காது குடையற பஞ்சுக் குச்சியில ஆல்கஹால் தொட்டு கேசட் அடியில இருக்கற பின்னுங்களைத் தேய்ச்சா கன்னங்கரேல்னு அழுக்கு வந்துச்சு. அஞ்சு ஓடிச்சு.

பெரம்பூர் லோகோ | 9:44

அவன் இன்னா மெஷின் வெச்சிருக்கான்னே தெரியல, அதுக்குள்ள நீ பஞ்சுக் குச்சி எடுத்துட்டியே.

சுகன்யா கே | 9:52

ரீஜன் லாக் பத்தி மேல சொன்னது பாதிதான் சரி. நிண்டெண்டோவோட ஸ்விட்ச், சோனியோட பிளேஸ்டேஷன் (பிஎஸ்) 4, 5 எதுக்கும் லாக் இல்லை, ஜப்பான் கேம் இங்க அப்படியே ஓடும். கையில வெச்சு ஆடற பழைய கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸுக்கும் இல்லை. லாக் இருக்கறது பிஎஸ்2, நிண்டெண்டோ மெஷின்ல வீ, வீ யூ, 3டிஎஸ்.

ஆனா வேலு, லாக்கை விட பெரிய தொல்லை மொழி. கேம் ஓடும், உள்ள முழுக்க ஜப்பான் எழுத்தா இருக்கும். எங்க அண்ணன் அப்படித்தான் மொமோதாரோ தென்தெத்சு வாங்கிட்டு வந்தான். 2020ல வந்து ஜப்பான்ல சக்கைப்போடு போட்டதால செகண்ட்ஹேண்ட் கடையில அடுக்கி வெச்சிருப்பாங்க, விலையும் குறைவு, படமும் ஜோரா இருக்கும். ஜப்பான் ரயில் ஸ்டேஷன் பேரையெல்லாம் ஜப்பான் எழுத்துலயே படிச்சு ஆடற ஆட்டம் அது. இங்கிலீஷ் கிடையாது. இப்ப எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுக்குது.

ஸ்விட்ச்ல வந்த முக்கியமான போகிமான் கேம்கள் எந்த நாட்டுல வாங்கினாலும் ஆரம்பத்துலயே மொழி கேட்கும். மரியோ ஒடிசி, பிரெத் ஆஃப் தி வைல்ட் எல்லாத்துலயும் இங்கிலீஷ் இருக்கு. சந்தேகம் வந்தா கடையில நின்னபடியே நிண்டெண்டோ ஜப்பான் தளத்துல அந்த கேம் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. "தாயோ கெங்கோ"ன்னு ஒரு வரி இருக்கும், எந்தெந்த மொழின்னு. அதுல "எய்கோ" இருந்தா இங்கிலீஷ். போன் கேமராவை வெச்சா அதுவே மொழிபெயர்த்துடும்.

காசிமேடு மணி | 10:03

கேசட்டுன்னு சொன்னா இன்னா தப்பு? எங்க தெருவுல டிவி கேம் ஆடுன அத்தினி பசங்களும் கேசட்டுன்னுதான் சொன்னோம். ஓடலைன்னா கழட்டி, வாயில வெச்சு ஊதி, மறுபடியும் சொருவுவோம். கார்ட்ரிட்ஜுன்னு எவனும் ஊதல.

ராயபுரம் டு ஒசாகா | 10:11

மணி அண்ணே, சொல்லப்போனா ஜப்பான்காரங்களும் அதை "கசெத்தோ"ன்னுதான் சொல்றாங்க. ஃபேமிகாம்னு நிண்டெண்டோவோட பழைய டிவி கேம் மெஷின் வந்த காலத்துல இருந்தே. கடைக்காரர்கிட்ட கார்ட்ரிட்ஜ்னு சொன்னா பிரிண்டர் மையைக் காட்டினாலும் காட்டுவார்.

வேலு தம்பி, நான் இங்கதான் இருக்கேன். இப்ப இங்க மணி ஒண்ணே முக்கால், உங்க மாமா தூங்கியிருப்பார். கடைங்க பத்து மணிக்கு மேலதான் திறக்கும், உங்க டயத்துக்கு காலைல ஆறரை. அதுக்குள்ள ரெண்டு விஷயம் சொல்லுங்க. மாமா எந்த ஊர்ல இருக்கார்? டூரிஸ்டா வந்தாரா, வேலைக்கு வந்தாரா? ரெண்டாவதைப் பொறுத்து பத்து சதவீதம் மாறும்.

ரெட்ரோராஜா83 | மூத்த உறுப்பினர் | 10:20

பொதுவழக்கு எல்லாம் சரியான வழக்கு ஆகிவிடாது. தவிர மணி குறிப்பிடும் டிவி கேம் போலி மெஷின். அதற்கும் அசல் ஜப்பானியத் தயாரிப்புக்கும் சம்பந்தமில்லை.

காசிமேடு மணி | 10:26

போலியோ கீலியோ, அந்த மெஷின்ல ஜப்பான் கேசட்டு ஒக்காந்துச்சு சார். எங்க சித்தப்பா கப்பல்ல வேலை, கோபேல இருந்து ஒண்ணு எடுத்துகினு வந்தாரு. சொருவுனேன், ஓடிச்சு. ஜப்பான்ல ஓடுறதை விட ஆட்டம் கொஞ்சம் சாவகாசமா போவுதுன்னாரு, அவ்ளோதான்.

ரெட்ரோராஜா83 | மூத்த உறுப்பினர் | 10:29

வாய்ப்பே இல்லை. பூட்டுச் சில்லு தடுத்திருக்கும்.

தண்டையார்பேட்டை தம்பி | 10:37

மணி சொல்றதுதான் சரி சார். 1983ல வந்த ஃபேமிகாமுக்கு 60 பின்னு. அமெரிக்காவுக்கு அனுப்புனப்போதான் 72 பின்னாக்கி பூட்டுச் சில்லையும் வெச்சாங்க. நம்மூர்ல வித்த டிவி கேம் பெரும்பாலும் ஃபேமிகாமைப் பாத்து அடிச்சது, அதே 60 பின்னு. அதான் ஜப்பான் கேசட்டு கச்சிதமா ஒக்காந்திருக்கு. மெதுவா ஓடுனதுக்குக் காரணம், நம்மூர் டிவிக்கு ஏத்த மாதிரி அந்த மெஷின் ஒரு செகண்டுக்கு 50 படம். ஜப்பான்ல 60.

பெரம்பூர் லோகோ | 10:41

வேலு எங்க? கேள்வி கேட்டுட்டு கேரம் போர்டுக்குப் போய்ட்டானா?

வியாசை வேலு | 11:05

சாரி பா, கரண்ட் இல்ல. மெஷின் சொல்லலையா? ஸ்விட்ச்தான், பழைய ஸ்விட்ச். மாமா ஒசாகா. கம்பெனி ட்ரெயினிங், ஒரு வருசம். அக்கா பையன்கிட்ட கேம்பாய் ஒண்ணு கீது, அதுக்கும் ஏதாச்சும்.

ராயபுரம் டு ஒசாகா | 11:24

ஒரு வருஷமா? அப்போ டாக்ஸ் ஃப்ரீயை மறந்துடுங்க. அது குறுகிய காலம் சுத்திப்பார்க்க வந்தவங்களுக்கு மட்டும். ஒரே கடையில ஒரே நாள்ல வரி நீங்கலா 5,000 யென்னுக்கு வாங்கினா பாஸ்போர்ட் காட்டி 10 சதவீத வரியை மிச்சம் பண்ணலாம். மாமா கையில ரெசிடென்ஸ் கார்டு இருக்கும், அவருக்குக் கிடைக்காது. கவுன்டர்ல போய் நின்னு வாதாட வேணாம்னு சொல்லிடுங்க.

அதனால விலைச்சீட்டைச் சரியாப் பார்க்கணும். சில கடையில பெருசா ஒரு விலை, கீழ பொடியா இன்னொண்ணு. "ஸெய்நுகி"ன்னா வரி சேர்க்காதது, "ஸெய்கோமி"ன்னா சேர்த்தது. பெருசா இருக்கறதைப் பார்த்து கணக்குப் போட்டா பில்லுல இடிக்கும்.

இடம்: நிப்போன்பாஷி, டென் டென் டவுன். எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, நம்ம ரிச்சி தெரு மாதிரி, கொஞ்சம் அகலம், கத்திக் கூப்பிடற ஆள் கிடையாது. அங்க சுருகயான்னு பழைய கேம் விக்கற கடை இருக்கு. ஆனா அங்கயும் டூரிஸ்ட் கூட்டம் அதிகம். மாமா ரூம் பக்கத்துல புக் ஆஃபோ, அதே மாதிரி கெயோ (GEO) கடையோ இருந்தா முதல்ல அங்க போய் விலை பார்த்துட்டு அப்புறம் டென் டென் டவுன் போகட்டும்.

பாதி விலைன்னு சொன்னீங்களே, அது எல்லாத்துக்கும் இல்லை. மரியோ ஒடிசி இங்கயே புதுசு 6,578 யென். யென்னுக்கு 60 பைசான்னு வெச்சாலும் நாலாயிரம் ரூபாய் கிட்ட வந்துடுது. நிண்டெண்டோ சொந்தமா போடற கேம் செகண்ட்ஹேண்ட்லயும் லேசுல இறங்காது. லாபம் மத்த கம்பெனி கேம்கள்ல. வந்து ரெண்டு மூணு வருஷமானா மடமடன்னு இறங்கும்.

முக்கியமா ஒண்ணு. சிவப்பு டப்பா தொடவே வேணாம், அது ஸ்விட்ச் 2. உங்க மெஷின்ல ஓடாது. கண்ணாடி மாதிரி டப்பா, மேல இடது மூலையில சின்னதா சிவப்புக் கட்டம், அதுதான் உங்களது.

தண்டையார்பேட்டை தம்பி | 11:31

ஸ்விட்ச் 2 மெஷினே அங்க சீப்பாமே? 2025ல வந்தப்போ 49,980 யென். அதையே வாங்கச் சொல்லேன் வேலு.

சுகன்யா கே | 11:36

அவர் 15,000ன்னு சொல்றார், நீங்க அம்பதாயிரத்துக்கு ஏத்திவிடறீங்க. அந்த 49,980 ஜப்பான் மொழி மட்டும் உள்ள மெஷின். ஜப்பான் கணக்கைத் தவிர வேற நாட்டுக் கணக்கை அதுல சேர்க்க முடியாது. எல்லா மொழியும் உள்ளது அப்பவே 69,980.

கேம்பாய்க்கு: சாதாவா, கலரா, அட்வான்ஸா? அதையும் சொல்லலை. எதுவா இருந்தாலும் ஜப்பான் கேசட்ல ஜப்பான் எழுத்துதான் இருக்கும்னு வெச்சுக்கங்க. சின்னப் பையன்னா குதிக்கற ஓடற ஆட்டமா வாங்குங்க, கதை படிக்கற ஆட்டம் வேணாம். 1999ல வந்த போகிமான் கோல்ட், சில்வர் மாதிரி கேசட்டுக்குள்ள ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அது செத்திருந்தா எவ்வளவு ஆடினாலும் சேவ் ஆகாது. அது சால்டர் வெச்சது, மாத்தத் தெரிஞ்ச ஆள் வேணும்.

காசிமேடு மணி | 11:48

மாமா ஏதாச்சும் பழைய மெஷின் தூக்கிகினு வந்தா நேரா பிளக்குல சொருவிடாதீங்க பா. அங்க 100 வோல்ட்டு, இங்க 230. நான் சூப்பர் ஃபேமிகாம் அடாப்டரை அப்படியே சொருவுனேன். "டொப்"னு ஒரே ஒரு சத்தம். அம்மா அடுப்பங்கரையில இருந்து "இன்னாடா கருவுது"ன்னாங்க.

ரெட்ரோராஜா83 | மூத்த உறுப்பினர் | 11:55

இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், ஆராய்ந்து வாங்க வேண்டும் என்று. ஏர்போர்ட்டில் சுங்கவரி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் யாரும் குறிப்பிடவில்லை. வரியைத் தவிர்க்க, பரிசுப் பொருள் என்று எழுதி தபாலில் அனுப்பச் சொல்லலாம்.

பெரம்பூர் லோகோ | 11:58

நாலு பழைய கேசட்டுக்கு ஏர்போர்ட்ல வரியா? பயணி வரியில்லாம கொண்டு வர்றதுக்கு வரம்பு இருக்கு, 15,000 யென்னு அதுகிட்டகூட போகாது. தபால்தான் வம்பு. பரிசுன்னு எழுதி வரியில்லாம வர்ற சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க, உயிர் காக்கற மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் வுட்டு வெச்சாங்க. மாமா கேசட்டை கையில கட்டிகினு வருவாரா? பையிலயே எடுத்துகினு வரட்டும்.

ராயபுரம் டு ஒசாகா | 12:10

நான் தூங்கப் போறேன். வேலு, மாமாவுக்கு ஒரே ஒரு வரி அனுப்புங்க: "வாங்கறதுக்கு முன்னாடி டப்பாவை போட்டோ எடுத்து அனுப்புங்க." மத்ததெல்லாம் அப்புறம்.

வியாசை வேலு | ஞாயிறு இரவு 8:47

வாங்கிட்டாரு. ரொம்ப தேங்க்ஸ் பா எல்லாருக்கும். மூணு ஸ்விட்ச் கேமு, மூணுலயும் இங்கிலீஷ் கீது, எல்லாம் சேத்து 9,000 சில்லறை. நாலாவது வெள்ளை டப்பா. நான் தூங்கினு இருந்தேன், போட்டோ பாக்கல. 550 யென்தான், நிண்டெண்டோன்னு போட்டிருந்துச்சு, எடுத்துட்டேன்றாரு. 3டிஎஸ்ஸாம். எங்க வீட்ல யார்கிட்டயும் 3டிஎஸ் இல்ல.

சுகன்யா கே | 9:02

என்ன கேம்?

பெரம்பூர் லோகோ | 9:05

கேம்பாய்க்கு?

காசிமேடு மணி | 9:30

என்கிட்ட ஜப்பான் 3டிஎஸ் கீது வேலு. மாமா வந்ததும் சொல்லு, 550க்கு மேல ஒரு டீயும் வாங்கித் தரேன்.